ஃபிரேஸ் மேட்ச் விதி மாறிய பிறகு: ஒரு மோட்டார் கடையின் தேடல் விளம்பரத்தைச் சரிசெய்த பதிவு

கூகுள் தேடலில் விளம்பரம் போடும் கூகுள் ஆட்ஸில், நாம் கொடுக்கும் கீவேர்டை (தேடல் சொல்லை) மக்கள் தேடுவதோடு பொருத்தும் விதி 2021 பிப்ரவரியில் மாறியது. அதுவரை, சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு எழுதும் பிராட் மேட்ச் மாடிஃபையர் தனி வகையாக இருந்தது. அதை, சொற்றொடராகப் பொருத்தும் ஃபிரேஸ் மேட்சோடு சேர்த்து ஒரே வகையாக்கினார்கள். அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் பழைய விதியை நம்பிக் கட்டிய கணக்குகளுக்கு அறிவிப்பு மட்டும் போதாது, உள்ளே இறங்கி வேலை பார்க்க வேண்டும். அப்படி நான் வேலை பார்த்த ஒரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பிறகு விதிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. இன்றும் நான் வேலை பார்க்கும் வரிசை இதுதான்.

கோவையில் போர்வெல் மோட்டார் விற்கும் கடை. ரிப்பேரும் உண்டு, காயில் கட்டும் பட்டறையும் பின்னாலேயே இருக்கிறது. விளம்பரத்தில் இரண்டு கேம்பெயின்: ஒன்று விற்பனைக்கு, இன்னொன்று சர்வீஸுக்கு. அந்தப் பக்கம் மார்ச் முதல் மே வரை இந்தத் தொழிலுக்குச் சீசன். நிலத்தடி நீர் இறங்கும், மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்குவார்கள், தண்ணீரில்லாமல் ஓடி காயில் கருகும், புது மோட்டார் தேடுவார்கள். ஆகவே மார்ச்சில் கணக்கு ஏற வேண்டும்.

திரையில் ஏறத்தான் செய்தது. கன்வர்ஷன் (விளம்பரத்தால் கிடைத்த பலன் என்று கணக்கு எண்ணுவது) எண்ணிக்கை கூடியிருந்தது, ஒரு கன்வர்ஷனுக்கு ஆகும் செலவு குறைந்திருந்தது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். கடைக்காரர் அண்ணா சொன்னதோ வேறு: “போன் நிறைய வருதுங்க தம்பி. ஆனா மோட்டார் வாங்கறவங்க போன் இல்லீங்க. ஒருத்தர் ஏர்கூலருக்கு பம்பு கேக்கறாரு, ஒருத்தர் மானியம் எப்ப வரும்னு கேக்கறாரு. பசங்க போனெடுத்தே சலிச்சுட்டாங்க.”

இந்த இரண்டில் எதை நம்புவது என்றால், எப்போதும் கடையில் இருப்பவர் சொல்வதைத்தான். ரிப்போர்ட் அதற்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே எண்ணும்.

முதலில் சந்தேகங்களைக் கழித்தது

விதி மாறியிருக்கிறது என்று தெரிந்தவுடன் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் மற்ற காரணங்களைக் கழித்துவிட வேண்டும். கணக்கில் செய்த மாற்றங்களைக் காட்டும் சேஞ்ச் ஹிஸ்டரியில் இரண்டு ஆண்டு வரைக்கும் பின்னால் போய்ப் பார்க்கலாம். பிப்ரவரி முழுக்க யாரும் எதையும் பெரிதாக மாற்றியிருக்கவில்லை. விளம்பர ஏலத்தில் நம்மோடு போட்டியிடுபவர்களைக் காட்டும் ஆக்‌ஷன் இன்சைட்ஸில் புதிதாகப் பெரிய போட்டியாளர் யாரும் வரவில்லை. வெப்சைட் திறக்கிறது, ஃபாரம் போய்ச் சேர்கிறது. சில நாள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு செலவாகியிருந்தது, அது கோளாறு இல்லை. 2017 அக்டோபரிலிருந்தே ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை செலவழிக்க அனுமதி உண்டு. மாதக் கணக்கில் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது, அவ்வளவுதான்.

துப்பு கிடைத்தது வேறு ஓர் இடத்தில். கணக்கில் தமிழ் எழுத்துக் கீவேர்டுகளுக்குத் தனி ஆட் குரூப் (கேம்பெயினுக்குள் ஒரு பிரிவு) இருந்தது: ‘போர் மோட்டார் விலை’, ‘நீர்மூழ்கி மோட்டார் ரிப்பேர்’ இப்படி. அந்தக் குரூப் மட்டும் துளியும் அசையவில்லை. ஆங்கிலக் கீவேர்டுகள் இருந்த குரூப்கள் எல்லாம் கலங்கியிருந்தன. புது விதி முதலில் ஆங்கிலம் உட்பட 8 மொழிகளுக்குத்தான் அமலுக்கு வந்தது, மற்ற மொழிகளுக்குப் பின்னால். அதே கடை, அதே ஊர், அதே வெயில், கிளிக் செய்தவர் வந்து இறங்கும் அதே லேண்டிங் பேஜ். ஒரு பக்கம் விதி மாறியிருக்கிறது, இன்னொரு பக்கம் மாறவில்லை. இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைக்காது. யாரும் திட்டமிடாமலே கணக்குக்குள் இப்படி ஒரு சோதனை நடந்துகொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான்; தேடிப் பார்ப்பவர்தான் குறைவு.

விதி உண்மையில் என்ன செய்தது

பழைய ஃபிரேஸ் மேட்ச் கறாரானது. ‘வாட்டர் பம்ப் மோட்டார்’ என்று கொடுத்தால் மூன்று சொல்லும் அதே வரிசையில் ஒட்டி வர வேண்டும். முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தாலும் சரி, நடுவில் வேறு சொல் நுழையக் கூடாது. மாடிஃபையர் தளர்வானது: கூட்டல் குறி போட்ட சொற்கள் தேடலில் எந்த மூலையில் இருந்தாலும் போதும். புது ஃபிரேஸ் மேட்ச் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கீவேர்டின் பொருள் தேடலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். சொல் வரிசை பொருளை மாற்றும் இடத்தில் மட்டும் வரிசையைக் கவனிக்கும். கூகுள் தந்த உதாரணம் நல்லது: நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு வீடு மாற்றும் சேவைக்கான கீவேர்ட், பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு என்ற தேடலுக்கு இனிப் பொருந்தாது.

மாடிஃபையர் வைத்திருந்தவர்களுக்குத் தேடல் கொஞ்சம் குறையும், ஃபிரேஸ் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடும் என்றும் சொல்லியிருந்தார்கள். நம் கணக்கில் இரண்டும் இருந்தன. சிக்கல் அந்த ‘கூடும்’ என்ற பக்கத்தில்.

மாடிஃபையர் குரூப்களுக்கு நீளமான நெகட்டிவ் பட்டியல் (விளம்பரம் வரக் கூடாத தேடல் சொற்கள்) இருந்தது: கூலர், அக்வேரியம், ஃபவுண்டன், சைக்கிள், பைக், வாஷிங் மெஷின் என்று வருடக் கணக்கில் சேர்த்தது. ஃபிரேஸ் குரூப்களுக்கு அந்தப் பட்டியல் இணைக்கப்படவில்லை. பழைய விதியில் அதற்குத் தேவையே வரவில்லை. ஒட்டி வந்தால்தான் பொருந்தும் என்பதே காவலாக இருந்தது. விதி தளர்ந்ததும் ‘வாட்டர் கூலர் பம்ப் மோட்டார்’ என்று தேடியவருக்கும் நம் விளம்பரம் போனது. ‘மோட்டார் சர்வீஸ்’ என்ற கீவேர்ட் ‘மோட்டார் சைக்கிள் சர்வீஸ்’ வரைக்கும் போய் நின்றது.

இது பாதிக் காரணம்தான். கூலர் பம்ப் தேடுபவர் நான்கு பேர் வந்தால் நான்கு கிளிக் வீணாகும், அதோடு போக வேண்டும். வாரத்துக்கு வாரம் அவர்களே பெருகியது ஏன்? மீதிப் பாதி கன்வர்ஷன் எண்ணும் முறையில் இருந்தது. பல பேர் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வெற்றி என்று சொல்லிக்கொடுத்தோம்

கணக்கு மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸ் என்ற பிட் (விளம்பர ஏலத்தில் கேட்கும் தொகை) முறையில் ஓடிக்கொண்டிருந்தது. பிட் தொகையை இயந்திரமே முடிவுசெய்யும். அதற்கு ஒரே வழிகாட்டி ‘கன்வர்ஷன்ஸ்’ என்ற பத்தியில் விழும் எண். அந்த எண்ணில் மூன்று விஷயம் சேர்ந்திருந்தது: ஃபாரம் நிரப்பியது, மொபைலில் போன் நம்பரைத் தொட்டது, வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டது. மூன்றுக்கும் ஒரே மதிப்பு.

நம்பரைத் தொடுவது போன் பேசுவது ஆகாது. தொட்டுவிட்டு டயல் செய்யாமல் திரும்புபவர்கள் உண்டு, கை பட்டுத் தொடுபவர்கள் உண்டு, கூலர் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு அரை நிமிடத்தில் வைத்துவிடுபவர்கள் உண்டு. போர் மோட்டார் வாங்குபவர் அவ்வளவு சீக்கிரம் தொடமாட்டார். நின்று படிப்பார், எச்பி பார்ப்பார், ஸ்டேஜ் பார்ப்பார், மறுநாள் மகனை விட்டுப் பேசச் சொல்வார்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். உதாரணத்துக்கு, கூலர் பம்ப் தேடுபவரின் கிளிக் 10 ரூபாய், ஐந்து பேரில் ஒருவர் நம்பரைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன்வர்ஷன் 50 ரூபாய். போர் மோட்டார் தேடுபவரின் கிளிக் 30 ரூபாய், பத்துப் பேரில் ஒருவர் தொடுகிறார். ஒரு கன்வர்ஷன் 300 ரூபாய். இதே பணத்தில் அதிகக் கன்வர்ஷன் கொண்டுவா என்று சொன்னால் எந்த இயந்திரமும் கூலர் பம்ப் பக்கம்தான் போகும். அது சரியாகத்தான் வேலை செய்தது. பிப்ரவரிக்கு முன் அந்தத் தேடல்கள் உள்ளே வரவில்லை, அதனால் எண்ணும் முறையின் ஓட்டை தெரியவில்லை. விதி தளர்ந்ததும் மலிவான தொடுகைகள் கிடைத்தன, இயந்திரம் அவற்றைத் துரத்த ஆரம்பித்தது. செலவு குறைந்து கன்வர்ஷன் கூடியதன் விளக்கம் இதுதான்.

அதனால் நெகட்டிவ் கீவேர்ட் பக்கம் போவதற்கு முன்பே எண்ணும் முறையில் கைவைத்தோம். நம்பரைத் தொடுவதையும் வாட்ஸ்அப் தொடுவதையும் கன்வர்ஷன்ஸ் பத்தியிலிருந்து எடுத்தோம். அப்போது அதற்கு ‘கன்வர்ஷன்ஸில் சேர்’ என்று ஒரு டிக் இருந்தது, இப்போது பிரைமரி, செகண்டரி என்று பிரிக்கிறார்கள். செகண்டரியாக வைத்தால் எண்ணிக்கை தெரியும், பிட் அதைப் பார்த்து ஓடாது. ஃபாரத்தில் எண்ணும் விதம் ‘எவ்ரி’ என்று இருந்தது. நன்றி சொல்லும் பக்கத்தை ஒருவர் திரும்ப லோட் செய்தாலும் இன்னொரு கன்வர்ஷன். விசாரணைகளுக்கு ‘ஒன்’ என்றுதான் இருக்க வேண்டும். பொருளை நேரடியாக விற்கும் வெப்சைட்டுக்கு ‘எவ்ரி’ சரி, ஒருவரே மூன்று முறை வாங்கினால் மூன்றும் விற்பனைதானே.

அப்புறம் கடையிலிருந்து உண்மைத் தகவலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. விளம்பரத்தைக் கிளிக் செய்து வருபவரின் முகவரியோடு ஜிசிஎல்ஐடி என்ற நீளமான அடையாளக் குறி ஒட்டி வரும். அதற்கு, குறியைத் தானாக ஒட்டும் ஆட்டோ டேகிங் ஆனில் இருக்க வேண்டும். அதை ஃபாரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் பிடித்துவைத்தோம். வாட்ஸ்அப்புக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பொத்தானைத் தொட்டதும் திறக்கும் செய்தியில் ‘வணக்கம், போர் மோட்டார் பற்றிக் கேட்க வேண்டும்’ என்பதோடு ஒரு சின்னக் குறிப்பு எண்ணும் தானாக வருமாறு வைத்தோம். அந்த எண்ணும் ஜிசிஎல்ஐடியும் பின்னால் ஒரு ஷீட்டில் ஒரே வரியில் பதிவாகும். சிலர் எண்ணை அழித்துவிட்டு அனுப்புவார்கள். பரவாயில்லை, பெரும்பாலோர் அப்படியே அனுப்பினார்கள்.

கடையில் ஏற்கெனவே விசாரணை நோட்டு ஒன்று இருந்தது. அதை ஷீட்டாக்கி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்: ‘போர் இருக்கிறதா, எத்தனை அடி?’ அடி சொன்னவர் தகுதியானவர். வாரம் ஒருமுறை தகுதியானவர்களின் வரிகளை மட்டும் கணக்கில் ஏற்றினோம்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கிளிக் நடந்து 90 நாளைத் தாண்டிய வரியை எடுத்துக்கொள்ளாது. ஜிசிஎல்ஐடியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முக்கியம், ஒன்று மாறினாலும் சேராது. நேர மண்டலத்தை +0530 என்று மேலே குறிப்பிட வேண்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது நல்லது. நம் ஊரில் 05/04 என்றால் ஏப்ரல் 5, அமெரிக்க வழக்கத்தில் மே 4. ஷீட் தானாக மாற்றிவைத்துவிட்டால் கிளிக்குக்கு முன்பே கன்வர்ஷன் நடந்ததாக ஆகி வரி திரும்பிவிடும்.

எந்தக் கட்டத்தை இயந்திரத்துக்கு இலக்காகக் கொடுப்பது என்று அண்ணாவோடு பேச்சு நடந்தது. விற்பனையைத்தான் கொடுக்க வேண்டும் என்றார் அவர். நியாயம்தான், ஆனால் விளம்பரத்திலிருந்து வந்து விற்பனையானது மாதத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவ்வளவு குறைந்த எண்ணை வைத்து இயந்திரம் எதையும் கற்றுக்கொள்ளாது. தகுதியான விசாரணை விற்பனைக்கு மிக அருகில் இருப்பது, எண்ணிக்கையும் போதுமானது. அதைப் பிரைமரியாகவும் விற்பனையைச் செகண்டரியாகவும் வைத்தோம்.

சொற்களைப் பிரித்துப் பார்த்தது

மக்கள் எதைத் தேடியபோது விளம்பரம் வந்தது என்று காட்டும் சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டை இறக்கினால், 2020 செப்டம்பருக்குப் பிறகு எல்லாத் தேடலும் அதில் தெரியாது. போதுமான பேர் தேடியவை மட்டும்தான். தெரிகிற கிளிக்குகளைக் கூட்டி, கேம்பெயினின் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டால் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று புரியும். தெரிகிற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து நெகட்டிவ் போட்டால் மறைந்திருப்பவை தப்பிவிடும். அதனால் தேடல்களைச் சொல் சொல்லாக உடைத்தேன். ஒவ்வொரு சொல்லும் எத்தனை தேடலில் வந்தது, அந்தத் தேடல்களின் மொத்தச் செலவு எவ்வளவு, தகுதியான விசாரணை எத்தனை என்று ஷீட்டில் கூட்டல். ‘கூலர்’ என்ற சொல் தெரியும் வரிகளில் பணத்தைத் தின்றால் மறைந்த வரிகளிலும் அதையேதான் செய்துகொண்டிருக்கும். சொல்லை நெகட்டிவாகப் போட்டால் இரண்டிடத்திலும் அடைபடும்.

செலவு அதிகம், விசாரணை இல்லை என்று வரிசைப்படுத்தியதும் எல்லாச் சொல்லையும் தூக்கி நெகட்டிவில் போடத் தோன்றும். இங்கேதான் தொழில் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘கம்ப்ரசர்’ என்ற சொல் பட்டியலில் மேலே நின்றது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர், ஏசி கம்ப்ரசர் என்றெல்லாம் தேடல்கள். வெளியூர்க்காரர் யாராவது இந்தக் கணக்கைப் பார்த்தால் உடனே அடைத்துவிடுவார். கொங்குப் பக்கம் போர்க் குழியிலிருந்து காற்றழுத்தத்தால் தண்ணீர் எடுக்கும் கம்ப்ரசர் மோட்டார் நிறையத் தோட்டங்களில் ஓடுகிறது, இந்தக் கடையும் அதை விற்கிறது. ஆகவே ஃப்ரிட்ஜையும் ஏசியையும் அடைத்தோம், கம்ப்ரசரை விட்டோம். ‘விலை’யும் அப்படியே. விலை கேட்பவர் வாங்கமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தத் தொழிலில் விலை கேட்காமல் யாரும் வாங்குவதில்லை.

மானியம் தேடியவர்கள் பெரும்பாலும் அரசுத் திட்டத்தில், சோலார் பம்புக்காகத் தேடியவர்கள். கடை அந்தத் திட்டப் பட்டியலில் இல்லை. அதனால் சோலாரும் மானியமும் போயின. இலவச மின் இணைப்பு பற்றிய தேடல்களில்தான் தயங்கினோம். விசாரணை எதுவும் வரவில்லை, செலவு இருந்தது. “அடைச்சுறாதீங்க தம்பி. கனெக்‌ஷன் கெடைச்சா மொத வேலை மோட்டார் வாங்கறதுதானுங்க” என்றார் அண்ணா. அதைத் தனி ஆட் குரூப்பாக்கி, குறைந்த பிட்டில் விட்டுவைத்தோம்.

நெகட்டிவ் போடும்போது தமிழில் கூடுதல் வேலை உண்டு. சாதாரணக் கீவேர்ட் ஒத்த பொருள், ஒருமை, பன்மை எல்லாவற்றையும் தானே சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவ் சேர்த்துக்கொள்ளாது, எழுதியதை மட்டும் தடுக்கும். ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையும் போட்டால் முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும்: மானியம், மானிய, மானியத்தில், மானியத்துடன், மானியத்துக்கு. ஒவ்வொன்றும் தனிச் சொல். இவற்றோடு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் ஒரே சொல்லைப் பத்து விதமாக எழுதுவார்கள். 2024 ஜூனிலிருந்து நெகட்டிவில் எழுத்துப்பிழைகளையும் சேர்த்துத் தடுக்கிறார்கள், அது பெரிய உதவி. ஒத்த பொருளும் உருபும் இன்றும் நம் பொறுப்புதான். தமிழ்க் கீவேர்டுக்கும் ஒரு நாள் விதி மாறப்போகிறது என்று தெரிந்ததால் இந்தப் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்தோம். முக்கியமான பெயர்ச்சொற்களை எடுத்து, ஷீட்டில் உருபுகளை ஒட்டி, எல்லா வடிவமும் உருவாகும்படி ஒரு சூத்திரம் போட்டேன். அந்த ஷீட்டை இன்றும் வேறு கணக்குகளுக்குப் பயன்படுத்துகிறேன்.

பட்டியல்களை ஆட் குரூப்பில் தனித்தனியாக ஒட்டாமல் பொதுப் பட்டியலாக்கி இரண்டு கேம்பெயினுக்கும் இணைத்தோம். விற்பனையும் சர்வீஸும் ஒன்றின் தேடலை ஒன்று பிடுங்காமல் குறுக்கு நெகட்டிவும் போட்டோம். பழைய மாடிஃபையரும் பழைய ஃபிரேஸும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் ‘சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேர்’ தேடியவர் சில நேரம் விற்பனைப் பக்கத்தில் போய் இறங்கினார். விற்பனைப் பக்கம் ரிப்பேர், சர்வீஸ், வைண்டிங், காயில் ஆகியவற்றை அடைத்தோம். அதிகம் வரும் தேடல்களை, மிகக் கறாராகப் பொருத்தும் எக்ஸாக்ட் மேட்சாகச் சேர்த்தோம். தேடியதும் எக்ஸாக்ட் கீவேர்டும் அப்படியே ஒன்றாக இருந்தால் அதற்கே முன்னுரிமை, எந்தத் தேடல் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பது ஓரளவு நம் கைக்கு வரும்.

ஊர்த் தேர்விலும் ஒரு மாற்றம். இயல்பாக அமைந்திருப்பது ‘அந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்’. சர்வீஸுக்கு ஆள் அனுப்பும் கடைக்கு ஆர்வம் காட்டுபவர் எதற்கு? இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றி, பொள்ளாச்சி, பல்லடம், சூலூர், அன்னூர், உடுமலை என்று வண்டி போகும் எல்லையோடு நிறுத்தினோம்.

விளம்பர வாசகத்திலேயே வடிகட்டவும் செய்தோம். தலைப்பில் ‘4 இஞ்ச், 6 இஞ்ச் போர் மோட்டார்’ என்று போட்டால் கூலர் பம்ப் தேடுபவர் தொடமாட்டார். ஒரு தலைப்புக்கு 30 எழுத்துக்குத்தான் இடம், தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அடைமொழிகளை எல்லாம் விட்டு அளவையும் ஊரையும் மட்டும் வைத்தோம். கிளிக் விகிதம் குறைந்தது. குறையட்டும் என்றுதான் செய்தோம்.

பிட்டும் ஊரடங்கும்

இயந்திரமே பிட் போடும் ஸ்மார்ட் பிட்டிங்கைத் தொடாதே, தானே சரியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான அறிவுரை. எண்ணும் முறை சரியாக இருக்கும் கணக்குக்கு அது சரி. தவறான எண்ணைக் கற்றுக்கொண்ட இயந்திரத்தைக் காத்திருந்து திருத்த முடியாது என்பது என் கருத்து. ஏப்ரலில் இரண்டு கேம்பெயினையும், கிளிக்குக்கான தொகையை நாமே வைக்கும் மேனுவல் சிபிசிக்கு மாற்றினோம். கிளிக் குறைந்தது, நோட்டில் தகுதியான வரிகள் மெல்லக் கூடின. (கன்வர்ஷன் டிராக்கிங் உடைந்து கிடந்த நாட்களைப் பிட் கணக்கில் எடுக்காமல் விடச்சொல்லும் டேட்டா எக்ஸ்க்ளூஷன் வசதி இப்போது இருக்கிறது. இதுபோன்ற நேரத்தில் அதையும் பார்க்கலாம்.)

இப்படிச் சீராகிவரும்போது மே 10 அன்று தமிழகத்தில் முழு ஊரடங்கு வந்தது. மே 24 முதல் இன்னும் கடுமையாக்கினார்கள். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை உட்பட 11 மாவட்டங்களில் கட்டுப்பாடு அதிகமாகவே இருந்தது. இரண்டு கேம்பெயினையும் நிறுத்திவைத்தோம். அந்த வாரங்களின் தரவை எதனோடும் ஒப்பிடுவதில்லை என்று முடிவுசெய்து ஷீட்டில் சாம்பல் நிறம் அடித்தேன். விசாரணை நோட்டில் இருந்தவர்களை மட்டும் கடைப் பையன்கள் போனில் கேட்டுவைத்தார்கள்.

திறந்த பிறகு மறுபடியும் மேனுவலில் ஆரம்பித்தோம். தகுதியான விசாரணை மாதம் 30-ஐத் தாண்டியதும் எக்ஸ்பெரிமெண்ட் போட்டு வருகையில் பாதியை மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸுக்கும் பாதியை மேனுவலுக்கும் பிரித்தோம். முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால், சரியாகப் போனாலும் எதனால் என்று தெரியாது. டார்கெட் சிபிஏ (ஒரு கன்வர்ஷனுக்கு இவ்வளவு ஆகலாம் என்ற இலக்கு) கட்டத்தில் அண்ணா ஆசைப்பட்ட தொகையைப் போடவில்லை. மேனுவலில் அந்தச் சமயம் உண்மையில் ஆகிக்கொண்டிருந்த தொகையைப் போட்டோம். குறைந்த இலக்கு கொடுத்தால் இயந்திரம் ஏலத்திலேயே இறங்காமல் ஒதுங்கிவிடும், பார்வைகளே வராது.

புது இலக்குக்குப் பிட் முறை பழகச் சுமார் 50 கன்வர்ஷனோ மூன்று கன்வர்ஷன் சுற்றோ (கிளிக்கிலிருந்து கன்வர்ஷன் வரை ஆகும் காலம் ஒரு சுற்று) ஆகலாம் என்று கூகுள் சொல்கிறது. அதுவரை கை வைக்காமல் இருப்பது கடினம், ஏனென்றால் கடைசி நாட்கள் எப்போதும் மோசமாகத் தெரியும். கன்வர்ஷன் நடந்த நாளில் எண்ணப்படுவதில்லை, கிளிக் நடந்த நாளின் கணக்கில் போய் விழும். திங்கட்கிழமை கிளிக் செய்தவர் அடுத்த வாரம் அடி சொன்னால் அது திங்கட்கிழமையில் சேரும். ஆகவே கடைசி பத்து நாளைப் பார்க்காமல் அதற்கு முந்தைய நாட்களை மட்டும் வைத்துத் தீர்மானித்தோம். சர்வீஸ் கேம்பெயினில் இயந்திரம் தெளிவாக முந்தியது, அதை முழுக்க மாற்றினோம். விற்பனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எக்ஸ்பெரிமெண்ட்டை நீட்டித்தோம்.

ஜூலையில் மற்ற மொழிகளும் புது விதிக்குள் வந்தன, மாடிஃபையரில் புதுக் கீவேர்ட் சேர்ப்பதும் நின்றது. தமிழ் ஆட் குரூப்பில் உருபுப் பட்டியல் ஏற்கெனவே போட்டிருந்ததால் அந்த மாற்றம் எந்தச் சலனமும் இல்லாமல் போனது. கூட்டல் குறி போட்ட பழைய கீவேர்டுகளை அவசரமாக மாற்றி எழுதவில்லை. மாற்றினால் புதுக் கீவேர்டாகிப் பழைய வரலாறு விட்டுப்போகும். புது விதியில் அவை தாமாகவே ஃபிரேஸ் போல வேலை செய்தன. இரட்டையாக இருந்தவற்றில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினோம்.

சீசன் தாண்டிவிட்டதால் ஆகஸ்ட்டை மார்ச்சோடு எண்ணிக்கையில் ஒப்பிடுவது சரியாகாது. நோட்டில் எழுதியதில் எத்தனை பங்கு தகுதியானது என்று மட்டும் பார்த்தோம். மார்ச்சில் பத்துக்கு இரண்டு தேறுவதே அபூர்வம், ஆகஸ்ட்டில் பாதிக்கு மேல் போர் உள்ளவர்கள். கன்வர்ஷன் எண்ணிக்கை மார்ச்சைவிட மிகக் குறைவு, ஒவ்வொன்றின் செலவும் மிக அதிகம். அந்த ரிப்போர்ட்டை அண்ணாவிடம் காட்டியபோது அவர் எண்ணைப் பார்க்கவில்லை. “இப்ப வர்ற போனெல்லாம் பேசற மாதிரி இருக்குதுங்க” என்றார்.

செப்டம்பர் 23 அன்று தமிழக அரசு ஒரு லட்சம் புதிய விவசாய மின் இணைப்புகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த பிட்டில் விட்டுவைத்திருந்த இலவச மின் இணைப்பு ஆட் குரூப்பில் தேடல்கள் ஏறின. அதற்கென்று தனி லேண்டிங் பேஜ் போட்டு, எத்தனை அடிக்கு எத்தனை எச்பி, எந்த ஸ்டார்ட்டர் என்ற அட்டவணையை மேலேயே வைத்தோம். பிட்டைக் கொஞ்சம் உயர்த்தி, உடுமலை, பல்லடம் பக்கம் முதலில் விட்டோம்.